ஒன்பதாம் பை முதல் பன்னிரண்டாம் பை வரை

பெட்டியைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. நாமக்கல்லில் இருபத்தாறு வருஷமாகக் கால்நடை நோயியல் சொல்லிக்கொடுக்கும் பூங்கோதைக்கு இதைவிடச் சுலபமான வேலையை யாரும் தந்ததில்லை, இதைவிடக் கஷ்டமானதையும் தந்ததில்லை. ஒரு பெட்டியை எவ்வளவு நேரம்தான் பார்ப்பது? ஆரஞ்சு நிறம். இரண்டு பக்கமும் கைப்பிடி. மூடியில் நான்கு முத்திரைகள். பக்கவாட்டில் தீப்பெட்டி அகலத்தில் ஒரு திரை, அதில் 4 என்று ஒரு எண். உள்ளே நாலு டிகிரி குளிர் இருக்கிறது என்று அர்த்தம். நாலு, நாலு, நாலு. கொஞ்ச நேரம் பார்த்தால் அது எண்ணாகவே தெரியவில்லை, ஒற்றைக் காலில் நிற்கிற கொக்கு மாதிரி இருந்தது. கொக்கு அசையக் கூடாது. ஐந்தாகிவிட்டால் கவலை, ஏழாகிவிட்டால் உள்ளே இருக்கும் பன்னிரண்டு பைகளும் வீண். பைகளில் வெள்ளாட்டு ரத்தம், மண், தொட்டித் தண்ணீர், வைக்கோல் மேல் படிந்திருந்த வெள்ளைப் பொடி. மூன்று வாரத்துக்கு முன் ஓட்டுநர் இல்லாத ஒரு குட்டி விமானம் இந்த நாட்டின் எல்லையோர மேய்ச்சல் நிலத்தின் மேல் தாழப் பறந்ததாம். நான்கு நாளில் ஆடுகள் விழ ஆரம்பித்தனவாம். பதினொரு பேருக்குக் கையில் கறுத்த புண். பக்கத்து நாடுதான் நோயைத் தூவியது என்று இந்த நாடு சொல்ல, இது அடைப்பான் நோய், அதாவது ஆந்த்ராக்ஸ், உங்கள் மண்ணிலேயே இருப்பது என்று பக்கத்து நாடு சொல்ல, இரண்டு பக்கமும் பீரங்கிகளைத் துடைத்து எண்ணெய் போட ஆரம்பித்துவிட்டார்கள். அப்படியானால் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று உலக நாடுகள் சேர்ந்து ஒரு குழுவை அனுப்பின. அந்தக் குழுவில்தான் பூங்கோதை இருந்தாள். எடுத்த மாதிரிகள் எல்லாவற்றையும் இந்தப் பெட்டியில் வைத்துப் பிற்பகல் மூன்றரை மணி விமானத்தில் ஆய்வகத்துக்குக் கொண்டுபோக வேண்டும். அதுவரை வெவ்வேறு நாட்டைச் சேர்ந்த இரண்டு பேர் கண்ணாவது எந்நேரமும் பெட்டி மேல் இருக்க வேண்டும் என்பது விதி. ஒரு நிமிஷம் தனியாக விட்டாலும், யாரோ எதையோ மாற்றிவிட்டார்கள் என்று தோற்கிற பக்கம் சொல்லும். சொல்லாமல் இருப்பார்களா, அவர்கள் இடத்தில் அவள் இருந்தாலும் சொல்லுவாள்.

இப்போது நான்கல்ல, எட்டுக் கண்கள் பெட்டி மேல் இருந்தன. மலையடிவாரத்து விமான நிலையம் அது. நம்மூர் பேருந்து நிலையத்தில் பாதி இருக்கும். காத்திருக்கும் அறையில் மர பெஞ்சுகள், சுவரில் ஒரு வட்டக் கடிகாரம், சமோவார் என்ற பித்தளைப் பாய்லரில் இடைவிடாமல் கொதிக்கும் தேநீர். பூங்கோதைக்குப் பக்கத்தில் குகதாசன். பருத்தித்துறையில் பிறந்து முப்பத்தைந்து வருஷத்துக்கு முன் நார்வே போய் அந்த நாட்டுக்காரராகிவிட்ட தொற்றுநோய் மருத்துவர். அறுபது வயது, எந்த நேரமும் யாரையாவது கேலி செய்யாவிட்டால் உடம்பு சரியில்லை என்று அர்த்தம். எதிர் பெஞ்சின் ஒரு முனையில் கேப்டன் சர்தான், இந்த நாட்டு ராணுவம் துணைக்கு அனுப்பியவர்; இளைஞர், மீசையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொள்வார். அதே பெஞ்சின் மறுமுனையில் இலீனா, பக்கத்து நாடு அனுப்பிய பார்வையாளர். இருவருக்கும் நடுவில் ஒரு பஸ்ஸை நிறுத்தலாம். எலும்பும் நரம்புமாக, பூங்கோதையைவிட ஒரு சாண் உயரமான அந்த அம்மாள் மூன்று நாளாக ஒரு பச்சை நோட்டில் எழுதிக்கொண்டே இருக்கிறாள். யார் எப்போது எங்கே நின்றார்கள், யார் தும்மினார்கள், யார் கையுறையை எத்தனை முறை மாற்றினார்கள், எல்லாம். குகதாசன் ஒருமுறை கொட்டாவி விட்டுவிட்டு, "இதையும் எழுதிப்போட்டுது பாருங்கோ மனுசி" என்றார் தமிழில். உடனே இலீனா பேனாவை நிமிர்த்தினாள். இது இன்னொரு விதி, இலீனா கேட்டு வாங்கிய விதி: பெட்டிக்குப் பக்கத்தில் தங்களுக்கு மட்டும் தெரிந்த மொழியில் யாராவது பேசினால், என்ன பேசினார்கள் என்பதை எல்லோருக்கும் தெரிந்த ஆங்கிலத்தில் அப்போதே சொல்ல வேண்டும். அதனால் குகதாசன், "அம்மையார் மிகவும் கவனமாக இருக்கிறார் என்றேன்" என்று சொல்ல, இலீனா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து நேரத்தோடு அதையும் எழுதிக்கொண்டாள். அடுத்து, இடியாப்பத்துக்குச் சொதியா தேங்காய்ப் பாலா என்று ஐந்து நிமிஷம் தமிழில் சண்டை போட்டார்கள்; அதையும் மொழிபெயர்க்க வேண்டி வந்தது. சொதியை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது? "மஞ்சள் நிறக் குழம்பு, ஆனால் குழம்பு இல்லை" என்று பூங்கோதை சொன்னதை இலீனா முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழாமல் எழுதினாள். எந்தத் தலைநகரத்திலோ ஏதோ ஓர் அதிகாரி அதைப் படித்துவிட்டு, இது என்ன ரகசியக் குறி என்று மண்டையை உடைத்துக்கொள்வார் என்று நினைத்ததும் பூங்கோதைக்குச் சிரிப்பு முட்டியது. சிரித்தால் அதையும் எழுதுவாள். அடக்கிக்கொண்டாள். நாலு. கொக்கு அசையவில்லை.

வீட்டில் இப்போது என்ன நேரம்? கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்றரை. இரண்டாம் முட்டை எடுப்பு. அவள் கணவன் தங்கமுத்து தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு கூண்டு வரிசைக்குள் தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டிருப்பான், உருட்டும்போது வாய்க்குள் ஏதோ பாடுவான், பாட்டு ஒரு வரிக்கு மேல் தெரியாது, அந்த ஒரு வரியையே பன்னிரண்டாயிரம் கோழிகளுக்கும் பாடுவான். இருபத்தாறு வருஷமாக அவர்கள் வீடு கோழி நேரத்தில் ஓடுகிறது. விடிகாலை நாலரைக்கு விளக்கு, ஐந்தரைக்குத் தீவனம், பத்துக்கு முதல் எடுப்பு, மூன்றரைக்கு இரண்டாவது, இரவு எட்டரைக்கு விளக்கணைப்பு. எந்த நாட்டுக்குப் போனாலும் அவள் கைக்கடிகாரத்தை மாற்றியதே இல்லை. உள்ளூர் நேரத்துக்குத்தான் கைபேசி இருக்கிறதே. மணிக்கட்டைப் பார்த்தால் தங்கமுத்து எங்கே நிற்கிறான் என்று தெரிய வேண்டும், அதற்காகத்தான் கடிகாரம். போன மாதம் கல்லூரியில் ஒருத்தி, மேடம் உங்க வாட்ச் ஒண்ணரை மணி நேரம் தப்பா ஓடுதே என்றாள். இல்லை, போன மாதம் இல்லை, அது ஏதோ பயணம் போய்த் திரும்பிய விமானத்தில், பக்கத்து சீட்டுப் பெண். ஒன்றரை மணி நேரம் முன்னால். இந்த ஊரும் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால்தான். சுவரில் இரண்டு மணி, கையில் மூன்றரை. சரியாகத்தான் இருக்கிறது. சரியாகத்தான் இருக்கிறது என்று நினைத்த இடத்தில் ஏதோ ஒன்று சேலை முள்ளில் மாட்டுவது போல மாட்டியது. என்ன அது? அவள் பெட்டியைப் பார்த்தாள். நாலு. முத்திரைகள் நாலு. எல்லாம் இருக்கிறது. விட்டுவிட்டு இடியாப்பத்துக்குப் போனாள். மனசு போகவில்லை. ஒன்று இருபது என்று எங்கே பார்த்தோம்? இன்றைக்குக் காலையில் ஒன்று இருபது என்று ஓர் எண்ணைத் தன் கையாலேயே எழுதினோமே? காலையில் எப்படி ஒன்று இருபது வரும்?

குழு நேரம் என்று ஒன்று உண்டு. ஆளுக்கொரு கடிகாரத்தைப் பார்த்து எழுதினால் குழப்பம் என்பதால், உள்ளூர் நேரம் வைத்த ஒரு சின்ன மேசைக் கடிகாரத்தைப் பதிவாளர் கையில் கொடுத்துவிடுவார்கள். எல்லா நேரமும் அதைப் பார்த்துத்தான். இன்று பதிவாளர் அவள். குகதாசன் தலை முதல் கால் வரை மூடிய வெள்ளை உடையில் பட்டிக்குள் இறங்கி ரத்தம் எடுப்பார், "ஒண்டு!" என்று கத்துவார், அவள் வேலிக்கு வெளியே நின்று பை எண்ணையும் நேரத்தையும் படிவத்தில் எழுதுவாள். கைபேசிகளையெல்லாம் சோதனைச் சாவடியில் வாங்கி வைத்துவிட்டார்கள். எட்டாவது பை வரைக்கும் ஒரு குறையும் இல்லை. பிறகு ஓர் ஆட்டுக்குட்டி வந்தது. வெள்ளையும் பழுப்புமாக, காது மட்டும் கறுப்பு, நோய்க்குத் தப்பிய திமிர் அதன் நடையிலேயே தெரிந்தது. வேலிக் கம்பத்தின் மேல் அவள் வைத்திருந்த கடிகாரத்தை மோந்து பார்த்தது, நக்கிப் பார்த்தது, கடைசியில் முட்டித் தண்ணீர்த் தொட்டிக்குள் தள்ளியது. கேப்டன் சர்தான்கூடச் சிரித்தார். ஆட்டுக்காரப் பெண் கையை உதறிக்கொண்டு ஓடிவந்து குட்டியைத் தூக்கிக்கொண்டு போனாள். "ஒம்பது!" என்று குகதாசன் பட்டிக்குள்ளிருந்து கத்தினார். கத்தினதும் அவள் என்ன செய்தாள்? இருபத்தாறு வருஷமாக நேரம் வேண்டுமென்றால் என்ன செய்வாளோ அதைச் செய்தாள். மணிக்கட்டைப் பார்த்தாள். ஒன்று இருபது. எழுதினாள். பத்தாம் பை ஒன்று இருபத்தைந்து. பதினொன்று, ஒன்று முப்பத்தைந்து. பன்னிரண்டு, ஒன்று நாற்பது. கையெழுத்துப் போட்டாள். அதன்பின் பெட்டியை மூடி முத்திரையிட்ட நேரத்தைக் கேப்டன் தன் கடிகாரத்தைப் பார்த்து எழுதினார்: பன்னிரண்டு முப்பது. வெயில், தாகம், உடைக்குள் வேர்வையில் குளித்த குகதாசன். எல்லோரும் பார்க்காமலே கையெழுத்துப் போட்டார்கள். ஆக, படிவத்தின்படி, பெட்டியைப் பூட்டி முத்திரை வைத்து ஒரு மணி நேரம் கழித்துத்தான் நான்கு பைகள் பட்டியில் நிரப்பப்பட்டிருக்கின்றன. பூட்டிய பெட்டிக்குள் அவை எப்படிப் போயின? பறந்துதான் போயிருக்க வேண்டும்.

அவள் மடியிலிருந்த தன் பிரதியை எடுத்துப் பார்த்தாள். பார்க்கிற மாதிரி தெரியக் கூடாது என்று மெதுவாகப் பார்த்தாள். அவள் கையெழுத்துதான். ஒன்றுக்கு ஒரு குட்டி வால்கூடப் போட்டிருந்தாள், அவ்வளவு அழகாக எழுதியிருந்தாள். மொத்தம் நான்கு பிரதிகள்: அவளிடம் ஒன்று, கேப்டனிடம் ஒன்று, இலீனாவிடம் ஒன்று, பெட்டி மூடியில் கண்ணாடி உறைக்குள் ஒன்று. பைகள் மேல் வெறும் எண்தான், நேரம் இல்லை; அது ஒரு ஆறுதல். என்ன ஆறுதல், ஒன்றும் ஆறுதல் இல்லை. ஆய்வகத்தில் பெட்டியைத் திறப்பதற்கு முன்னால் படிவத்தைத்தான் பார்ப்பார்கள். நேரம் இடித்தால் திறக்கவே மாட்டார்கள். அல்லது பார்க்காமல் விட்டுவிடுவார்களோ? நான்கு பேர் பார்க்காமல் கையெழுத்துப் போட்டோமே, ஐந்தாவது ஆளும் அப்படித்தானே இருப்பான்? அவளே இருந்தால் பார்ப்பாளா? பார்ப்பாள். வருஷா வருஷம் மாணவர்களின் செய்முறை நோட்டில் இதைத்தானே வட்டம் போட்டுப் பிடிக்கிறாள். கோழி செத்த நேரத்துக்கு முன்னாடியே அறுத்துப் பாத்துட்டீங்களா சாமி, ரொம்ப வேகமா இருக்கீங்களே என்று போன வருஷம் ஒரு பையனை வகுப்பே சிரிக்கக் கேட்டாள். பாவம் அந்தப் பையன், காது சிவந்துபோனான். இப்போது தன் காது சூடாவது தெரிந்தது. சொல்லிவிட்டால் என்ன ஆகும்? குழுவிலிருந்து எடுத்துவிடுவார்கள், இனிமேல் கூப்பிட மாட்டார்கள். கல்லூரி வாசலில் தட்டி வைத்திருக்கிறார்கள்; அவள் படம் போட்டு, நமது கல்லூரிக்குப் பெருமை என்று. அந்தத் தட்டியை மழை வந்தாவது எடுத்துப் போகட்டும். சொல்லாவிட்டால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாமலும் போகலாம். ஒன்றும் ஆகாமல் போனால் நல்லதுதானே. நாலு. கொக்கு அவளைப் பார்க்கிற மாதிரி இருந்தது.

காலையில் பட்டியருகே ஆட்டுக்காரப் பெண் கேட்டாள், மொழிபெயர்ப்பாளர் மூலமாக. நோயை யார் தூவினார்கள் என்று அவள் கேட்கவில்லை. தொட்டித் தண்ணீரைக் குடிக்கலாமா, மிச்சம் இருக்கிற ஆடுகளை மலைமேல் ஓட்டலாமா, புல் முற்றிப்போகிறதே என்றாள். பத்து நாளில் பதில் வரும் என்று பூங்கோதை சொன்னாள். எந்த தைரியத்தில் சொன்னாள்? பதில் வராமலே போவது எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். பதினான்கு வருஷத்துக்கு முன்னால் அவள் சென்னையில் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தபோது, வீட்டுப் பண்ணையில் ஒரே ராத்திரியில் ஆயிரத்து இருநூறு கோழிகள் செத்துப்போயின. முந்தின வாரம்தான் அடுத்த தோட்டத்து வேலுமணிக்கும் தங்கமுத்துவுக்கும் வாய்க்கால் தகராறு. அவள் திரும்பி வருவதற்குள் நாற்றம் தாங்காமல் எல்லாவற்றையும் சுண்ணாம்பு போட்டுப் புதைத்துவிட்டார்கள். ஒரு கோழி, ஒரே ஒரு கோழியை ஐஸில் வைத்திருந்தால் போதும். தீவன மக்காச்சோளத்தில் பூஞ்சை பிடித்திருக்கலாம் என்றுதான் அவள் இன்றைக்கும் நினைக்கிறாள். நினைக்கிறாள், அவ்வளவுதான், தெரியாது. வேலுமணி சாமி மேல் சத்தியம் செய்தான். தங்கமுத்து நம்பினான், மறுநாள் நம்பவில்லை, அதற்கு மறுநாள் நம்பினான். மூன்று வருஷம் பேச்சில்லை. வேலுமணி தன் மகள் கல்யாணப் பத்திரிகையைக் கம்பி வேலியில் செருகிவிட்டுப் போனான், இவர்கள் போகவில்லை. இப்போது பேசுகிறார்கள், சிரிக்கிறார்கள், சிரித்து முடித்ததும் ஒரு நொடி இரண்டு பேரும் தரையைப் பார்க்கிறார்கள். அந்த ஒரு நொடிக்கு அவள் படித்த படிப்பில் மருந்தில்லை. இங்கே இரண்டு நாடு. வேலியில் பத்திரிகை செருக மாட்டார்கள்.

இரண்டு இருபது. "என்ன பூங்கோதை, முகம் வத்தக்குழம்பு மாதிரிக் கிடக்கு? தேத்தண்ணி வேணுமே?" என்றார் குகதாசன்.

அவள் பெட்டியைப் பார்த்தபடியே தமிழில் சொன்னாள். "அண்ணா, நான் ஒரு தப்புப் பண்ணிட்டேங்க. ஒன்பதுல இருந்து பன்னெண்டு வரைக்கும் எங்க ஊரு நேரத்த எழுதிப்போட்டேன்."

குகதாசனும் பெட்டியைப் பார்த்தபடியே இருந்தார். அவர் வாயில் கேலி எதுவும் வராததைப் பூங்கோதை முதல் முறையாகப் பார்த்தாள். "பூட்டினது பன்னிரண்டரைக்கெல்லே?" என்றார் மெல்ல.

"ஆமாங்க."

"சரியாப் போச்சு. நானும் கையெழுத்துப் போட்டனான், கண்ணை மூடிக்கொண்டு." பெருமூச்சு விட்டார். "சொல்லுங்கோ எண்டு நான் சொல்ல மாட்டன். சொல்லாதேங்கோ எண்டும் சொல்ல மாட்டன். எழுதினது உங்கட கை."

எதிர் பெஞ்சில் பேனா நிமிர்ந்தது. "என்ன பேசினீர்கள்?" என்றாள் இலீனா.

சொதி என்று சொல்லிவிடலாம். சொதி, இடியாப்பம், மஞ்சள் நிறம். அவள் அப்படியே எழுதிக்கொள்வாள். பூங்கோதையின் நாக்கு நுனிவரைக்கும் சொதி வந்தது. குகதாசன் மறுக்க மாட்டார், தலையை வேறு பக்கம் திருப்பிக்கொள்வார். ஆனால் அந்தப் பச்சை நோட்டில் இரண்டு இருபதுக்கு உணவு பற்றிய பேச்சு என்று ஒரு வரி ஏறும், அவள் வாழ்நாள் முழுக்க அந்த வரி அங்கே இருக்கும், உலகத்தில் யாருக்கும் அது பொய்யென்று தெரியாது, அதுதான் தாங்காது. என்ன இது, பெரிய மகாத்மா மாதிரி யோசிக்கிறோமே என்று தன் மேலேயே எரிச்சல் வந்தது. எரிச்சல் வந்த வேகத்தில் வாய் திறந்துவிட்டது. அவள் ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் சொன்னாள்: குட்டி, தொட்டி, மணிக்கட்டு, ஒன்று இருபது. பாடம் நடத்துகிற மாதிரி வரிசையாகச் சொன்னாள். படிவத்தை பெஞ்சின் மேல் விரித்து நான்கு வரிகளையும் விரலால் காட்டினாள்.

கேப்டன் சர்தான் எழுந்துவிட்டார். மீசை துடித்தது. "பெட்டி செல்லாதா? அறுபத்திரண்டு ஆடுகள்! பதினொரு பேர்! இதற்காகவா மூன்று நாள் உங்களுக்குக் காவல் நின்றேன்?" பிறகு இலீனாவைப் பார்த்துக் கையை நீட்டினார். "இவர்களுக்குக் கொண்டாட்டம்தான். பாருங்கள், சிரிக்கப் போகிறார்!"

இலீனா சிரிக்கவில்லை. பச்சை நோட்டில் எச்சில் தொட்டுப் பக்கங்களைப் பின்னோக்கித் தள்ளினாள். ஒரு பக்கத்தில் நிறுத்தி, நோட்டைத் திருப்பிப் படிவத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். அவர்கள் மொழியில் எழுதியிருந்தது, எண்கள் மட்டும் புரிந்தன. 9, பக்கத்தில் 11:50. 10, பக்கத்தில் 11:55. பன்னிரண்டு ஐந்து. பன்னிரண்டு பத்து.

"காரில் வரும்போதே படிவத்தைப் பார்த்தேன்" என்றாள். "ஒன்றரை மணி நேரம். உங்கள் கடிகாரம் என்று அப்போதே தெரிந்தது. மூன்று நாளாகக் கவனிக்கிறேன், காலைச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்து மணிக்கட்டைப் பார்த்துச் சிரிக்கிறீர்கள்."

பூங்கோதை நோட்டிலிருந்து நிமிர்ந்தாள். "அப்போதே ஏன் சொல்லவில்லை?"

"பார்ப்பது என் வேலை. சொல்வது உங்கள் வேலை."

"நான் சொல்லாமல் விட்டிருந்தால்?"

"ஆய்வகத்தில் நான் சொல்லியிருப்பேன்." பேனாவை மூடினாள். "இப்போது என் நேரங்களை எடுத்துக்கொள்ளுங்கள்."

கேப்டனுக்கு இது பிடிபடவில்லை. பிடிபடாத எதையும் அவர் சூழ்ச்சி என்றே எடுத்துக்கொள்வார் போலிருந்தது. "ஏன்? பெட்டி செல்லாமல் போனால் தப்பித்தீர்கள். ஏன் உதவுகிறீர்கள்?"

"தப்பிப்பதா?" இலீனா முதல் முறையாக அவர் பக்கம் முழுதாகத் திரும்பினாள். "பெட்டி செல்லாவிட்டால் நாங்கள் செய்தோம் என்று நீங்கள் நூறு வருஷம் சொல்வீர்கள். உங்கள் பேரன் சொல்வான். நாங்கள் செய்யவில்லை என்று என்னிடம் சொல்லித்தான் அனுப்பியிருக்கிறார்கள்." பச்சை நோட்டை விரலால் தட்டினாள். "அது உண்மையா என்று எனக்கும் தெரிய வேண்டும், கேப்டன். என் தங்கை வீடு எல்லையிலிருந்து ஆறு கிலோமீட்டர். அவளிடமும் ஆடுகள் இருக்கின்றன."

குகதாசன் தலைநகரில் இருந்த குழுத் தலைவரைத் தொலைபேசியில் பிடித்தார். மூன்று நிமிஷம் "ஆம், ஆம், குட்டி ஆடு, ஆம், நிஜமாகவே ஆடு" என்று கேட்டது. கடைசியில் பதில் வந்தது: எழுதியதை அழிக்காமல் ஒரே கோட்டால் அடித்து, பக்கத்தில் சரியான நேரத்தையும் காரணத்தையும் எழுதி, நான்கு பிரதிகளிலும் நான்கு பேரும் கையெழுத்திட வேண்டும்; இரண்டு நாட்டுக் கையெழுத்தும் இருந்தால் ஆய்வகம் ஏற்றுக்கொள்ளும்; ஒன்று குறைந்தாலும் பெட்டி திறக்கப்படாது. பூங்கோதைக்கு அடுத்த பயணம் உண்டா என்பதைப் பிறகு பேசலாம். அந்தப் பிறகு அவளுக்கு இப்போது வெகு தூரத்தில், தோட்டத்துக் கடைசியில் குரைக்கும் நாய் மாதிரி, லேசாகத்தான் கேட்டது. மணி இரண்டு நாற்பத்தைந்து. கண்ணாடிக்கு வெளியே ஒரு சின்ன விமானம் இறங்கி, தூசியைக் கிளப்பிக்கொண்டு வந்து நின்றது.

அவள் கோடு போட்டாள். அளவுகோல் வைத்துப் போட்டாள். காரணம் என்ற இடத்தில், குட்டி ஆடு கடிகாரத்தைத் தண்ணீரில் தள்ளியதால் என்று ஆரம்பித்தாள்.

"நிறுத்துங்கள்" என்றார் கேப்டன். "அது எங்கள் நாட்டு ஆடு. உலகமே படிக்கப்போகிற காகிதத்தில் எங்கள் ஆட்டின் மேல் பழி போட நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

"எல்லைக்கு எங்கள் பக்கம் உள்ள ஆடுகள் கடிகாரத்தைத் தொடுவதில்லை" என்றாள் இலீனா, முகம் மாறாமல்.

"தொடாது! உங்கள் பக்கம் கடிகாரமே ஓடாதே!"

"கேப்டன், பேசாமல் ஆட்டையும் ஒரு கையெழுத்துப் போடச் சொன்னால் என்ன?" என்றார் குகதாசன். பிறகு பூங்கோதை பக்கம் சாய்ந்து தமிழில், "உவை ரெண்டு பேரும் இப்பத்தான் வடிவாச் சண்டை பிடிக்கினம். இது நல்ல குணம்" என்றார்.

"என்ன பேசினீர்கள்?" என்று இலீனாவும் கேப்டனும் ஒரே குரலில் கேட்டார்கள். கேட்டுவிட்டு, ஒரே குரலில் கேட்டுவிட்டோமே என்று இரண்டு பேரும் திடுக்கிட்டார்கள்.

பூங்கோதைக்கு வயிற்றிலிருந்து சிரிப்பு பொங்கியது. இந்தத் தடவை அவள் அடக்கவில்லை. ஆட்டைப் பற்றி எழுதிய பாதி வரியையும் ஒரே கோட்டால் அடித்தாள். அடித்துவிட்டு எழுதினாள்: பதிவாளரின் பிழை. தன் கடிகாரத்தைப் பார்த்து எழுதிவிட்டார். பூங்கோதை, நாமக்கல். எழுதி முடித்ததும் வினோதமாக, காது சூடாகவில்லை. அது வெறும் ஒரு வரியாக, உண்மையாக, மற்ற வரிகளுக்குக் கீழே அடக்கமாக உட்கார்ந்திருந்தது. குகதாசன் கையெழுத்திட்டார். இலீனா கையெழுத்திட்டாள். கேப்டன் தன் மேலதிகாரியைக் கேட்க வேண்டும் என்றார்; தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு அறையை நான்கு முறை சுற்றினார்; இணைப்பு கிடைக்கவில்லை. மூன்று ஐந்து. மூன்று பத்து. ஒரு சிப்பந்தி வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனான். பூங்கோதைக்கு நாலு என்ற கொக்கையும் பார்க்க வேண்டியிருந்தது, கேப்டனின் முதுகையும் பார்க்க வேண்டியிருந்தது. கேட்டால் வேண்டாம் என்பார்கள். மேலே இருப்பவர்கள் எப்போதும் வேண்டாம் என்றுதான் முதலில் சொல்வார்கள், கல்லூரியிலும் அப்படித்தான், ஒரு நுண்ணோக்கி வாங்குவதற்குக்கூட. கிடைக்காதே, கிடைக்காதே என்று அவள் தொலைபேசியை வேண்டிக்கொண்டாள். ஐந்தாவது சுற்றில் கேப்டன் சன்னல் அருகே நின்றார். வெளியே மலை, மலையில் பச்சை, பச்சையில் ஓர் ஆடும் இல்லை. அவர் அதை வெகுநேரம் பார்த்தார். பிறகு தொலைபேசியைப் பைக்குள் போட்டுவிட்டுத் திரும்பி வந்தார்.

"எங்கே போட வேண்டும்?" என்றார்.

இடம் இலீனாவின் பெயருக்குப் பக்கத்தில்தான் மிச்சம் இருந்தது, ஒரு விரல் அகலம். போட்டார். நான்கு பிரதிகளிலும் போட்டார். அவருடைய கடைசி எழுத்தின் சுழி அந்த அம்மாளின் முதல் எழுத்தின் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டது. இலீனா அதைப் பார்த்தாள், நோட்டில் எழுதவில்லை.

இனி விமானம். கேப்டனின் பொறுப்பு கண்ணாடிக் கதவோடு முடிகிறது. குகதாசனுக்கு இடுப்பு பிடித்திருந்தது, காகிதங்களை அவர் வாங்கிக்கொண்டார். பெட்டிக்கு இரண்டு கைப்பிடி. ஒன்றைப் பூங்கோதை பிடித்தாள். மறுபக்கம் யார் என்று நிமிர்ந்து பார்ப்பதற்குள் நீளமான எலும்புக் கை ஒன்று வந்து அடுத்த கைப்பிடியைப் பிடித்துவிட்டது. தூக்கினார்கள். உடனே பெட்டி பூங்கோதை பக்கம் சாய்ந்தது. அவள் ஒரு சாண் குள்ளம். சாயக் கூடாது, உள்ளே குழாய்கள் நிமிர்ந்து நிற்க வேண்டும். பூங்கோதை கையைத் தோள் வரை உயர்த்தினாள், இலீனா முழங்காலை மடக்கினாள். நான்கு அடி வைத்தார்கள். இவள் இடது காலை வைக்கும்போது அவள் வலது காலை வைத்தாள், பெட்டி படகு மாதிரி ஆடியது. "நில்லுங்கள்" என்றாள் இலீனா. நின்றார்கள். படிகளுக்குக் கீழே ஓடுபாதை வெயிலில் வெள்ளையாகக் கிடந்தது, காற்று அடித்தது, புல் வாசனை வந்தது. இந்த ஊரில் புல் வாசனை வருகிறது என்று மூன்று நாளில் இப்போதுதான் பூங்கோதைக்குத் தெரிந்தது.

"எந்தக் கால் முதலில்?" என்றாள் இலீனா.

"இடது" என்றாள் பூங்கோதை. "நான் எண்ணுகிறேன்."

"எந்த மொழியில்?"

பூங்கோதை ஒரு கணம் யோசித்தாள். "நீங்கள் எண்ணுங்கள், உங்கள் மொழியில். நான் கற்றுக்கொள்கிறேன்."

இலீனா தன் மொழியில் ஒன்று என்றாள். இடது கால்கள் இரண்டும் ஒன்றாகப் படியிறங்கின.